திரும்பி வராத ‘ங்க’

எங்கள் வேலாங்காட்டூர் ஒரு சர்வாதிகார ஊர் என்பது, காலையில் பேக்கரியில் டீ குடித்துக்கொண்டிருந்தபோதுதான் எங்களுக்கே தெரிந்தது. அதுவரை நிம்மதியாக ஓட்டுப் போட்டு, நிம்மதியாகத் தலைவரைத் திட்டி, நிம்மதியாக அவரையே மறுபடியும் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தோம். பேக்கரிச் சுவரில் இருந்த திரையில் ஊர்களின் தரவரிசை ஓடியது. முதலிடம் கடலோரத்துச் சங்குமுனைக்கு: தொண்ணூற்றொன்று, முழு மக்களாட்சி. கடைசிக்கு முந்தின இடத்தில் நாங்கள்: முப்பத்தொன்று, எதேச்சாதிகாரம்.

பப்ஸ் எடுக்கப்போன பேக்கரிக்காரர் கையை நிறுத்தினார். “இதென்னங்க, நம்மளையா சொல்றாங்க?” என்று கேட்டார்.

“நம்மளத்தானுங்க,” என்றார் பெஞ்சில் இருந்தவர்.

“அப்படீங்களா,” என்றார் பக்கத்தில் இருந்தவர்.

எங்கள் குற்றம் மொத்தமும் அந்த மூன்று வாக்கியங்களுக்குள்ளேயே இருந்தது. அப்போது அது யாருக்கும் தெரியாது.

நான் இந்த ஊர் நகராட்சியின் மேலாளர். ஆகவே இந்தக் கூத்து முழுவதையும் முன்வரிசையில் உட்கார்ந்து பார்க்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. ஒரு காலத்தில் எந்த ஊரில் எவ்வளவு மக்களாட்சி இருக்கிறது என்பதை நிபுணர்கள் அறைக்குள் உட்கார்ந்து மதிப்பெண் போட்டுச் சொன்னார்களாம். ஒருத்தர் போட்ட மதிப்பெண் இன்னொருத்தருக்குப் பிடிக்காமல் அடிதடியே நடந்ததால், மனிதர்களே வேண்டாம் என்று ஆட்சிமானியைக் கண்டுபிடித்தார்கள். அது விளக்குக் கம்பத்திலும் அலுவலகக் கூரையிலும் ஒரு தேங்காய் அளவுக்குத் தொங்கும். பதவியில் இருப்பவரும் ஊர்க்காரரும் பேசும்போது அதன் நீல விளக்கு எரியும். என்ன பேசுகிறோம் என்பது அதற்குத் தேவையில்லை. எப்படிப் பேசுகிறோம் என்பதைத்தான் அளக்கும். பதிவு பெற்ற ஊர்க்காரர்களின் குரலை மட்டும்தான் கேட்கும். மற்றவர்கள் பேசினால் விளக்கு அணைந்துவிடும்.

அளந்தால் அளந்துவிட்டுப் போகட்டும் என்று நாங்களும் விட்டிருப்போம். ஆனால் விதி ஒன்று இருந்தது. மூன்று வருஷம் தொடர்ந்து நாற்பதுக்குக் கீழே வாங்கும் ஊரில் தேர்தல் நடக்காது. எங்களுக்கு இது இரண்டாவது வருஷம். அடுத்த அளவு மார்கழியில், தேர்தல் தையில்.

தேர்தல் போனால் மற்றவர்களுக்கு ஒரு நாள் விடுமுறை போகும், அவ்வளவுதான். எழிலிக்கு மட்டும் எல்லாமே போகும். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் வண்டிகளுக்குச் சார்ஜ் போடும் கடை வைத்திருந்த அவள் காலனிக்காரி. தலைவர் பதவிக்குக் காலனியிலிருந்து ஒருத்தி நிற்பது ஊர் தோன்றியதிலிருந்து இதுவே முதல் தடவை, அதுவும் ஜெயிக்கிற மாதிரி நின்றாள். தேர்தல் நின்றால் மேலிருந்து ஒரு நிர்வாகி வருவார். அவர் யார் வீட்டு விருந்தைச் சாப்பிடுவார் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

அந்த வீடு தர்ஷன் அவர்களுடையது. மூன்று முறை தலைவர், நூல் மில் முதலாளி. தர்ஷன், கவின் என்றெல்லாம் இப்போது யார் பிள்ளைக்குப் பெயர் வைக்கிறார்கள்? அந்தப் பழைய தலைமுறையோடு அந்தப் பெயர்களும் போய்விட்டன. மனிதர் கெட்டவர் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதிர்ந்து பேசமாட்டார்.

மதிப்பெண்ணை விளக்க ஒப்பீட்டு ஆணையத்திலிருந்து நிவேதன் என்ற அதிகாரி சென்னையிலிருந்து வந்தார். தலைவர் அறையில் கூட்டம். கவுன்சிலர்கள் உட்கார்ந்திருந்தார்கள், எழிலி கதவோரம் நின்றிருந்தாள்.

“வாங்க தம்பி, உக்காருங்க,” என்றார் தர்ஷன். “வெயில்ல வந்திருக்கீங்க. மோர் சாப்பிடறீங்களா? இல்லீங்க, சாப்பிட்டுப்போட்டுத்தானுங்க பேசோணும்.”

நிவேதன் கையெடுத்துத் தடுத்தார். “சார், இதுதான் பிரச்சினை.”

“எதுங்க?”

“இதுதான்.”

“எதுங்க தம்பி?”

“இந்த ‘ங்க’தான் சார்.”

அறையில் எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மற்ற ஊர்களில் ‘ங்க’ என்பது வா, போ என்ற சொற்களோடு நின்றுவிடும். எங்களுக்கு ஆமாவுக்கும் ஒரு ‘ங்க’ உண்டு, இல்லைக்கும் உண்டு. நாங்கள் சண்டை போட்டாலும் “உங்களைச் செருப்பால அடிப்பேனுங்க” என்றுதான் சண்டை போடுவோம்.

“அதிகாரத்துக்கு முன்னாடி ஒரு குடிமகன் எவ்வளவு குனியறான்னு பார்க்கிறதுதான் எங்க முக்கியமான அளவுகோல்,” என்றார் நிவேதன். “குனியறதை நேரா அளக்க முடியாது. அதனால பேச்சுல மரியாதை எவ்வளவு வருதுன்னு பார்க்கிறோம். பயம் இருக்கிற இடத்துல மரியாதை நிறைய வரும். நாற்பது நாட்டுல சரிபார்த்த விஷயம் சார் இது.”

“அந்த நாப்பதுல எங்க பக்கம் இருந்துச்சுங்களா?”

“இல்லை.”

“அந்தச் சங்குமுனைக்காரங்க எப்படிங்க தொண்ணூத்தொண்ணு வாங்கினாங்க?”

“அங்கே மீன் ஏலக்கடையில தலைவரைப் பார்த்து ‘யோவ், இங்க வாய்யா’ன்னு கூப்பிடறாங்க சார். மானி அப்படியே பூரிச்சுப் போயிடுது.”

“அங்க தலைவரு யாருங்க?”

“இருபது வருஷமா அவரேதான்.” நிவேதன் கொஞ்சம் குரலைத் தாழ்த்தினார். “ஓட்டு எண்றது அவரோட மச்சான். ஆனா அது வேற அளவுகோல்ல வரும். அந்த அளவுகோலுக்கு இந்த வருஷம் நிதி ஒதுக்கலை.”

எழிலி கதவோரத்திலிருந்து கேட்டாள். “மார்க்கு கம்மின்னா கம்மியாவே இருந்துட்டுப் போகட்டுமுங்க. அதுக்குத் தேர்தலை ஏனுங்க நிறுத்தோணும்?”

“எதேச்சாதிகாரத்துல தேர்தல் வெச்சா, அந்த ஆட்சிக்குப் போலியா ஒரு நியாயம் கிடைச்சிடும் மேடம். அதனால மக்களாட்சி வர்ற வரைக்கும் தேர்தலை நிறுத்திவைப்போம்.”

“தேர்தல் இல்லாம மக்களாட்சி எப்படிங்க வரும்?”

“நிர்வாகி வந்து வளர்ப்பார்.”

“நீ சித்த சும்மா இரு,” என்றார் தர்ஷன், எழிலியைப் பார்க்காமல். பிறகு நிவேதனிடம் திரும்பி, “நீங்க சொல்லுங்க தம்பி,” என்றார்.

இந்தக் கடைசி இரண்டு வாக்கியங்களும் அந்த அறையில் யார் காதிலும் உறுத்தவில்லை. கூரையில் தொங்கிய மானிக்கும் உறுத்தவில்லை.

அடுத்த வாரமே ‘ங்க’ ஒழிப்புத் தீர்மானம் வந்தது. பதவியில் இருப்பவரிடமோ, பதவியில் இருப்பவரோ, யாரும் யாருக்கும் ‘ங்க’ போடக்கூடாது. மீறுகிறவருக்கு நகராட்சியில் ஒரு மாதம் எந்த வேலையும் நடக்காது. அது தண்டனையில்லாமலே நடப்பதுதான் என்று பின்னால் ஒருவர் முணுமுணுத்தார். தர்ஷன் எழுந்து, “எல்லாருக்கும் சம்மதமுங்களா?” என்று கேட்டார். “சம்மதமுங்க,” என்று மன்றமே எழுந்து சொன்னது. அந்த ஒரு பதிலுக்காக மானி இரண்டு மதிப்பெண்ணைக் குறைத்துக்கொண்டது.

மண்டபத்தில் பயிற்சி வகுப்பு வைத்தார்கள். சங்குமுனையிலிருந்து மீன் ஏலம் விடும் ரோசிலின் அம்மாள் பயிற்சியாளராக வந்திறங்கினார். எங்கள் ஊரின் பெரிய மனிதர்களை வரிசையாக நிற்கவைத்து, “ஏய், நிமிந்து நில்லு. என் மூஞ்சியப் பார்த்து ‘போடி’ன்னு சொல்லு,” என்றார். பஞ்சு வியாபாரி ஒருவர் வாயைத் திறந்து திறந்து மூடினார். கடைசியில் கண் கலங்கி, “முடியலீங்க,” என்று உட்கார்ந்துவிட்டார். அவர் அம்மாவின் இழவுக்குக்கூட அப்படி அழுததில்லை என்று பேசிக்கொண்டார்கள்.

சிரிப்பாகத்தான் இருந்தது, முதல் பத்து நாளைக்கு. பிறகு ஊர் மெல்ல வாயை மூட ஆரம்பித்தது. ‘வாங்க’ என்று சொல்லக்கூடாது, ‘வா’ என்று சொல்ல நாக்கு வரவில்லை. ஆகவே பேசாமலே இருந்துவிடுவது என்று ஒவ்வொருவராக முடிவுக்கு வந்தார்கள். என்னிடம் வரி கட்ட வந்தவர்கள் மேசையைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுப் போனார்கள். தர்ஷன் வீட்டு வாசலிலும் ஒரு கம்பம் உண்டு. அவர் மனைவி ஹன்சிகா அம்மாள் கல்யாணம் ஆன நாளிலிருந்து அவரிடம் ‘ங்க’ இல்லாமல் ஒரு சொல் பேசியதில்லை, அவரும் அப்படித்தான். இப்போது அந்த அம்மாள் சோற்றை வைத்துவிட்டு உள்ளே போய்விடுவார். ஒரு நாள் தர்ஷன் அலுவலகத்தில் என்னிடம் சொன்னார்: “ஊட்டுல பேச்சே இல்லை, மேனேஜர். ரெண்டு பேரும் இருக்கோம், அவ்வளவுதான்.” அந்த மனிதருக்காக அன்றைக்கு எனக்கு உண்மையிலேயே பாவமாக இருந்தது.

மானிக்கு மௌனமும் பிடித்திருந்தது. மரியாதை இல்லையென்றால் பயமும் இல்லை என்பது அதன் கணக்கு. எங்கள் மதிப்பெண் அறுபதைத் தாண்டியது.

பயிற்சியின் நிறைவு விழா நகராட்சி வாசலில், கம்பத்துக்குக் கீழே நடந்தது. ஊர்க்காரர் ஒருவர் தலைவரைப் பெயர் சொல்லி, ‘ங்க’ போடாமல் கூப்பிட வேண்டும். கூட்டத்தில் யாரும் அசையவில்லை. அப்போது கவின் முன்னே வந்தான். எழிலியின் சித்தப்பன், வயது அறுபது, தர்ஷன் மில்லில் நூல் மூட்டை ஏற்றுகிறவன். சின்ன வயதிலிருந்து அந்த வீட்டு வாசலில் நின்று பழகியவன். தர்ஷன் எப்போதாவது “உக்காரு” என்பார். கவின் “இருக்கட்டுங்க” என்று நின்றுகொண்டே இருப்பான். உட்காரச் சொன்னவர் உட்காரச் சொல்லவில்லை என்பது இருவருக்கும் தெரியும். அந்த ‘இருக்கட்டுங்க’ அவ்வளவு காலமாக அந்த வாசலைச் சண்டையில்லாமல் காப்பாற்றி வந்தது.

கவின் கம்பத்தைப் பார்த்தான். நீல விளக்கு எரிந்தது. “தர்ஷா,” என்றான். “சித்த நவுந்து உக்காரு.”

திரையில் மதிப்பெண் ஒரே தாவலில் நான்கு ஏறி எழுபத்துநான்கில் நின்றது. எல்லோரும் கை தட்டினார்கள். தர்ஷனும் தட்டினார், நகர்ந்து இடமும் விட்டார்.

மறுநாள் காலை மில் கேட்டில் காவலாளி கவினுக்கு வேலை இல்லை என்றார். அடுத்த நாளும் இல்லை என்றார். மில் தனியார் இடம். அங்கே கம்பம் கிடையாது.

நிவேதன் மறுபடி வந்தபோது எழிலி என் அறைக்கே வந்து அவரைப் பிடித்துக்கொண்டாள். எதிரே ஒரு நாற்காலி காலியாக இருந்தும் நின்றுகொண்டேதான் பேசினாள்.

“எங்க சித்தப்பா சொன்ன ‘வா போ’ உங்க மிசினுக்குக் கேட்டுச்சு. மில் கேட்டுல அவருக்குக் கெடைச்ச பதில் கேட்டுச்சுங்களா?”

“அது எங்க எல்லைக்குள்ள வராது மேடம்.”

“அப்ப மார்க்கு மட்டும் எப்படிங்க எல்லைக்குள்ள வந்துச்சு?”

நிவேதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் நல்ல மனிதர். நல்ல மனிதர்களுக்கு அந்த ஆணையத்தில் வேலை அதிகம். “ஒரு விஷயம் சொல்றேன், வெளியே சொல்லாதீங்க,” என்றார். “பஸ் ஸ்டாண்டுல எடை மெஷின் இருக்கே, அதுல நீங்க பத்து தடவை ஏறினாலும் அறுபது கிலோன்னே காட்டுதுன்னு வைங்க. அது நம்பகமான மெஷின். ஆனா அது காட்டறது உங்க எடைதானா, இல்லை யார் ஏறினாலும் அறுபதுதானா? அது வேற கேள்வி. முதல் கேள்விக்கு எங்ககிட்ட பதில் இருக்கு. ரெண்டாவது கேள்வியை யாரும் இதுவரைக்கும் கேட்கலை.”

“நான் கேக்கறேனுங்க,” என்றாள் எழிலி. “பேக்கரி அண்ணன் தலைவருக்கு ‘ங்க’ போடறாரு. அது பழக்கம், ஒரு பிரியம். எங்க சித்தப்பாவும் ‘ங்க’ போட்டாரு. அது பயம். ரெண்டும் ஒரே சத்தம். உங்க மிசினுக்கு வித்தியாசம் தெரியலை.”

“எனக்கும் தெரியலையே. எப்படிப் பிரிக்கிறது?”

“திரும்பி வருதான்னு பாருங்க. பேக்கரி அண்ணன் போட்ட ‘ங்க’வுக்கு தலைவருகிட்ட இருந்து ஒரு ‘ங்க’ திரும்பி வரும். எங்க சித்தப்பா போட்டது ஒண்ணுகூடத் திரும்பி வந்ததில்லை. நான் இப்ப இந்த ரூமுக்குள்ள வந்தப்ப மேனேஜரம்மா என்ன சொன்னாங்க? ‘வா எழிலி’ன்னாங்க, தீர்மானத்துக்கு முந்தியும் அதேதான். பேக்கரி அண்ணன் பையன் என்னையவிட நாலு வயசு சின்னவன். அப்பெல்லாம் அவன் வந்தா ‘வாங்க கண்ணு’ம்பாங்க. எண்ண வேண்டியது ‘ங்க’வை இல்லீங்க, திரும்பி வராத ‘ங்க’வை.”

இந்த இடத்திலிருந்து நானும் எழுத்தைத் திருத்திக்கொள்கிறேன். எழிலி சொன்னார். கவின் அவர்களுக்கும் அப்படியே.

நிவேதன் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். உள்ளூர் வழக்கத்துக்கு ஏற்ப மானியை ஒரு முறை திருத்திக்கொள்ள விதியில் இடம் இருந்தது. மன்றம் கேட்டால் போதும். “ஆனா யோசிச்சுக்குங்க,” என்றார். “இப்ப எழுபத்துநாலு இருக்கு. தேர்தல் நிச்சயம். இதை மாத்தி மதிப்பெண் விழுந்தா, நீங்க நிற்கிற தேர்தலே போயிடும்.”

“தெரியுமுங்க. ஊமை ஊருக்கு ஜெயிச்சு வந்து நான் என்ன பண்றது? ஒரு தடவை சரியா அளந்து பாக்கட்டும்.”

மன்றம் ஒப்புக்கொள்ளாது என்று நினைத்தேன். துள்ளிக் குதித்து ஒப்புக்கொண்டது. கொடுத்த மரியாதை திரும்பி வருகிறதா என்று பார்த்தால் எங்களை அடிக்க உலகத்திலேயே ஊர் கிடையாது என்று எல்லோரும் நம்பினார்கள். நாங்கள்தான் ‘ங்க’வுக்கு வட்டியோடு ‘ங்க’ போடுகிறவர்கள் ஆயிற்றே. தீர்மானம் ரத்தான அன்று பேக்கரியில் இலவசமாக டீ கொடுத்தார்கள். தர்ஷன் வீட்டில் ஹன்சிகா அம்மாள் வாசலுக்கே வந்து, “சாப்பிட வாங்க,” என்றாராம். “வந்துட்டேனுங்க,” என்று அவர் செருப்பைக் கழற்றாமலே உள்ளே போய்விட்டார் என்று கேள்வி. ஊருக்கே வாய் திரும்பக் கிடைத்த நாள் அது. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

புதிய முறைப்படி சோதனை அளவு எடுத்தார்கள். பன்னிரண்டு.

“தப்பா இருக்குமுங்க,” என்றார் தர்ஷன்.

“மூணு தடவை பார்த்துட்டேன் சார்,” என்றார் நிவேதன். “மெயின் ரோட்டுக்குள்ள போற ‘ங்க’ எல்லாம் அழகா திரும்பி வருது. காலனியிலேர்ந்து வர்ற ‘ங்க’ திரும்பவே இல்லை. ஒண்ணுகூட.”

இது ஏதோ புதிய செய்தி மாதிரி ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். என்ன செய்தால் போதும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மில்லில் பங்கு கேட்கவில்லை, நிலத்தைக் கேட்கவில்லை. கவினைப் பார்த்து “வாங்க” என்று சொன்னால் போதும். ‘வா’வுக்குப் பின்னால் இரண்டே எழுத்து.

தர்ஷன் முயன்றார் என்பதை நான் மறைக்கமாட்டேன். கவினை வரவழைத்து, வாசலில் கம்பத்துக்குக் கீழே நிறுத்தினார்கள். நீல விளக்கு எரிந்தது. ஒரு காலத்தில் கவினுடைய கண் ஆபரேஷனுக்குச் செலவழித்தவர் தர்ஷன்தான். அதற்கு வந்த மனசு இதற்கு வரவில்லை. “வா…” என்றார். இருமினார். துண்டால் கழுத்தைத் துடைத்தார். மறுபடியும் “வா…” என்று ஆரம்பித்து, நாக்கு நடுவில் நின்று, கடைசியில் அவரை அறியாமலே அது வந்து விழுந்தது.

“வந்தாச்சா?”

கவின் அவரைப் பார்த்தார். “வந்தாச்சு,” என்றார்.

மானி அசையவில்லை. ஒரு புள்ளி குறையவில்லை.

மொத்த ஊரும் அந்த நொடியில் அதைப் புரிந்துகொண்டது. தமிழில் யார் வந்தார் என்று சொல்லாமல், வந்ததை மட்டும் சொல்ல முடியும். சாப்பிட்டாச்சா, கையெழுத்து ஆகணும், அங்கே வெச்சுட்டாப் போதும், இருக்கட்டும், பார்க்கலாம். இதில் நீயும் இல்லை, நீங்களும் இல்லை. யாருக்கும் கொடுக்காவிட்டால் யாருக்கும் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை. கம்பத்துக்குக் கீழே எல்லோரும் எல்லோரிடமும் இப்படியே பேச ஆரம்பித்தார்கள். வீட்டுக்குள் போய் ‘ங்க’வை ஆசை தீரப் போட்டுக்கொண்டார்கள். கவின் மறுபடி மில் கேட்டுக்குப் போனபோது காவலாளி, “வேலை இல்லை,” என்றார். அதில் மரியாதைக் குறைவு என்று யாரும் எதையும் காட்டமுடியாது.

மார்கழி அளவு எடுக்க வந்த நிவேதனுக்கு இந்த வித்தை அரை மணி நேரத்தில் புரிந்துவிட்டது. எழிலியைத் தனியே அழைத்தார். நானும் கூட இருந்தேன்.

“மேடம், இப்ப தொண்ணூத்தேழு காட்டுது. எனக்குத் தெரிஞ்சு இவ்வளவு சுத்தமான ஏமாத்து வேலையை எந்த ஊருமே செஞ்சதில்லை. இதையும் சேர்த்து அளக்க எனக்கு அதிகாரம் இருக்கு. நீங்க ஒரு புகார் கொடுத்தாப் போதும். ஆனா சேர்த்தா பழைய பன்னிரண்டுக்குப் போயிடும். தேர்தல் இருக்காது.”

எழிலி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெளியே அவருடைய சித்தப்பா பெஞ்சின் ஓரத்தில் நின்றிருந்தார். பெஞ்ச் காலியாகத்தான் இருந்தது. என்ன நியாயம் இது என்று எனக்குக் கோபமாக வந்தது. உண்மையைச் சொன்னால் ஓட்டு போகும், ஓட்டு வேண்டுமென்றால் பொய்க்குத் துணை போக வேண்டும். இப்படி ஒரு கணக்கைப் போட்டவர்கள் எங்கோ குளிர்ந்த அறையில் தரவரிசை அச்சிட்டுக்கொண்டிருந்தார்கள்.

“புகார் கொடுக்கலாமா மேடம்?” என்று நிவேதன் மறுபடி கேட்டார்.

“இருக்கட்டும்,” என்றார் எழிலி. “முதல்ல ஓட்டு வரட்டும்.”

தை மாதம் ஓட்டு வந்தது. ஓட்டு இயந்திரத்தில் பொத்தான் மட்டும்தான் உண்டு. அதில் ‘ங்க’ போடவும் இடமில்லை, போடாமல் விடவும் இடமில்லை. காலனி மொத்தமும் எழிலிக்குப் போட்டது. மெயின் ரோட்டிலிருந்தும் சிலர் போட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் கணக்கு உதைக்கும். ஹன்சிகா அம்மாள் சாவடியிலிருந்து வரும்போது சிரித்துக்கொண்டே வந்ததை நான் பார்த்தேன். எழிலி ஜெயித்தார். காலனியில் விடிய விடிய மேளம் அடித்தார்கள். வேலாங்காட்டூர் அந்த வருஷம் சங்குமுனையை முந்தி முதலிடத்துக்கு வந்தது.

பதவியேற்ற மறுநாள் காலை தர்ஷன் வந்து மேசைமேல் சாவியை வைத்தார். “சாவி இங்க இருக்கு,” என்றார்.

“உக்காருங்க,” என்றார் எழிலி.

“வேலை கெடக்குது,” என்று தர்ஷன் போய்விட்டார்.

கவுன்சிலர்களும் மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்தார்கள். “வந்தாச்சா?” என்று ஒருவர். “இதுல கையெழுத்து ஆகணும்,” என்று இன்னொருவர். “டீ சொல்லட்டுமா?” என்று பேக்கரிக்காரர். ஒருவர்கூட அவமரியாதையாகப் பேசவில்லை. நான் மட்டும் பழகிக்கொண்டிருந்தேன்: “இந்தக் கோப்பைப் பாருங்க,” என்றேன். எழிலி என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார். மதியத்துக்குள் அவருக்கும் அந்தத் தமிழ் வந்துவிட்டது. “வெச்சாச்சா? சரி. நாளைக்குப் பார்க்கலாம்,” என்று கோப்புகளைத் தள்ளினார். கூரையில் நீல விளக்கு நிம்மதியாக எரிந்தது.

அப்போது கதவோரம் ஒருவன் வந்து நின்றான். பிகாஷ் என்று பெயர், ஒடிசாக்காரன். மில் விடுதியில் தங்கி வேலை செய்கிறவன். கவின் ஏற்றிய மூட்டையை இப்போது ஏற்றுகிறவன் அவன்தான். அந்த விடுதியில் இருப்பவர்கள் எங்கள் ஊர்க்காரர்களில் பாதிக்கு வருவார்கள். எந்தப் பதிவிலும் இல்லாதவர்கள்.

“வணக்கமுங்க,” என்றான். அவன் வாய் திறந்ததும் கூரையில் நீல விளக்கு அணைந்தது. “ஹாஸ்டல்ல தண்ணி வந்து ஒரு வாரமாச்சுங்க. யாருகிட்டச் சொல்றதுன்னு தெரியலீங்க.”

எழிலி தலை நிமிராமல் கையெழுத்துப் போட்டுக்கொண்டே, “எழுதிக் கொடுத்தாச்சா?” என்றார்.

“நாலு தடவை கொடுத்தேனுங்க.”

“சரி, பார்க்கலாம்.”

பேனா நின்றது. எழிலி மெல்ல நிமிர்ந்து கூரையைப் பார்த்தார். விளக்கு அணைந்திருந்தது. பிறகு எழுந்து, தானே சுற்றி வந்து, மேசைக்கு எதிரில் இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“உக்காருங்க,” என்றார்.

அவன் நாற்காலியைப் பார்த்தான். எழிலியைப் பார்த்தான். பணிவாகச் சிரித்தான்.

“இருக்கட்டுங்க,” என்றான்.

அவன் எங்கள் ஊருக்கு வந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. தமிழ் நன்றாகவே வந்துவிட்டது.